முதல் தடவை தடுப்பு நிலையத்துக்குப் போகுமுன்: ஒரு பார்வையாளர் குழுவின் பயிற்சி

பிரித்தானியாவில் குடிவரவுத் தடுப்பில், அதாவது விசா அல்லது அகதிக் கேஸ் காரணமாக அடைத்து வைக்கப்பட்டு, இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பதற்கு ஆட்களை ஆயத்தப்படுத்தும் சிறு தொண்டர் குழுக்கள் இருக்கின்றன. அப்படியான ஒரு குழுவில் பயிற்சி எடுத்து, அதன் வழியாகவே முதல் தடவை உள்ளே போனேன். இப்போதும் போய்வருகிறேன். அந்தச் சேவையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல சேவை, தமிழ் தெரிந்தவர்கள் இன்னும் பலர் சேர வேண்டிய சேவை. குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். குழுவின் பெயரையும் நான் போகிற நிலையத்தின் பெயரையும் எழுதவில்லை. நாங்கள் சந்திக்கிற ஆள் யாரென்று எவரும் ஊகிக்க இடம் வைக்கக் கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறோம்.

லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களில் பல குடும்பங்களுக்கு இப்படி ஒரு கதையாவது தெரிந்திருக்கும். குடிவரவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸில் வழமைபோலக் கையெழுத்து வைக்கப் போன பெடியனை அங்கேயே மறித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அவனுடைய போன் வேலை செய்யவில்லை, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. நான் டூட்டிங்கில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டரில் நிற்கிறவள். கடைக்கு வழமையாக வருகிற ஒரு அம்மா, மகனைப் பார்க்கப் போக வேண்டும், என்ன கொண்டுபோகலாம், என்ன கதைக்கலாம் என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. தொண்ணூறுகளில் அகதியாக வந்து, பேப்பர் கிடைத்து, வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருந்துவிட்ட எனக்கு இந்தப் பக்கம் எதுவும் தெரியாமல் போய்விட்டது.

தடுப்பு நிலையங்கள் இருக்கும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீத்ரோ விமான நிலையத்தின் ஓரத்தில் ஹார்மண்ட்ஸ்வர்த், கோல்ன்புரூக் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கேட்விக்கில் புரூக் ஹவுஸ், டின்ஸ்லி ஹவுஸ். பெட்ஃபர்ட் பக்கம் யார்ல்ஸ் வுட், ஸ்கொட்லாந்தில் டங்காவெல். 2024ஆம் ஆண்டில் மட்டும் 20,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படியான தடுப்புக்குள் போயிருக்கிறார்கள். அங்கே இருப்பவர்கள் எந்தத் தண்டனையையும் அனுபவிப்பவர்கள் இல்லை, இவை நிர்வாகத் தடுப்பு என்பதுதான் சட்டம். ஆனால் கோல்ன்புரூக்கும் புரூக் ஹவுஸும் கடும் காவல் உள்ள பி வகைச் சிறையின் தரத்துக்குக் கட்டப்பட்டவை. இரவில் அறைக் கதவு பூட்டப்படும். முதல் தடவை போகிறவருக்கு இதைச் சொல்லி வைக்க வேண்டும். “முகாம்” என்ற நினைப்போடு போனால் மதிலையும் வேலியையும் கண்டவுடன் மனம் இடிந்துபோகும்.

குழுவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. தடுப்பில் இருப்பவர்களைப் பார்வையிடுவோரின் சங்கம் என்று ஒன்று 1994 முதல் இயங்குகிறது, சுருக்கமாக அவிட் என்பார்கள். எந்த நிலையத்துக்கு எந்தக் குழு போகிறது என்பதை அவர்களிடம் கேட்டு அறியலாம். விண்ணப்பம், தெரிந்தவர்கள் இரண்டு பேரின் சாட்சிக் கடிதம், குற்றப் பதிவு சரிபார்ப்பு, ஒருங்கிணைப்பாளரோடு ஒரு பேச்சு. இதற்கே வாரக்கணக்கில் எடுத்தது. ஏன் வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். அதைவிட, எவ்வளவு காலம் விடாமல் வர முடியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உள்ளே இருப்பவரிடமிருந்து ஏற்கனவே எல்லாரும் விலகிப்போயிருப்பார்கள், நாங்களும் இடையில் காணாமல் போகக் கூடாது என்பது காரணம். அந்தக் கேள்வியிலேயே குழுவின் மீது எனக்கு மதிப்பு வந்துவிட்டது.

பயிற்சி மாலை நேரங்களில், ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் நடந்தது. தேத்தண்ணீர், பிஸ்கட், வட்டமாகப் போட்ட கதிரைகள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள், ஒரு தாதி, அப்புறம் நான். தமிழ் ஆள் வேறு யாரும் இல்லை.

முதலில் சட்டம். இதைப் பாடம் மாதிரி நடத்தாமல், உள்ளே இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்பதில் இருந்து தொடங்கினார்கள். பிரித்தானியாவில், கர்ப்பிணிகளைத் தவிர, பெரியவர்களைக் குடிவரவுத் தடுப்பில் இத்தனை நாள்தான் வைத்திருக்கலாம் என்று சட்டத்தில் எல்லை இல்லை. சிறையில் இருப்பவர் வெளியே வரும் திகதியை நோக்கி நாட்களைக் குறைத்துக்கொண்டு போவார். தடுப்பில் இருப்பவர் கூட்டிக்கொண்டே போவார். பயிற்சி தந்தவர் இதைச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. புரூக் ஹவுஸில் ஊழியர்கள் ஆட்களை நடத்திய விதத்தை 2017இல் பிபிசி ஒளித்துப் படம்பிடித்துக் காட்டியது. அது பற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2023 செப்டெம்பரில் வந்தது. விசாரணைத் தலைவர் கேற் ஈவ்ஸ் 28 நாள் எல்லை வேண்டும் என்று அதில் பரிந்துரைத்தார். அரசு அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த இடத்தில் இந்து சமுத்திரத்துத் தீவான டியேகோ கார்சியா ஞாபகம் வந்தது. 2021 ஒக்டோபரில் படகு பழுதாகி அந்தத் தீவில் கரைசேர்ந்த எங்கள் சனங்கள் மூன்று வருடத்துக்கு மேல் அங்கே வேலிக்குள் கிடந்தார்கள். 2024 டிசம்பரில்தான் பிரித்தானிய இந்து சமுத்திரப் பிரதேசத்தின் நீதிமன்றம் அது சட்டவிரோதத் தடுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. வகுப்பில் இருந்த ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. எழும்பிச் சொன்னேன். பயிற்சி தந்தவர் குறித்துக்கொண்டார்.

பிணை பற்றியும் சொன்னார்கள். குடிவரவுத் தீர்ப்பாயத்தில் பிணை கேட்கலாம், போய்த் தங்க ஒரு விலாசம் மிக முக்கியம், பிணைக்கு ஆள் நின்றால் உதவும். நான்கு மாதம் கடந்தும் உள்ளே இருந்தால், அவர் கேட்காவிட்டாலும் அநேகமாக விஷயம் நீதிபதி முன் தானாகப் போக வேண்டும். தடுப்பில் இருப்பவர்களின் பிணைக்காகவே 1998இல் தொடங்கிய பிட் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாதவருக்கு, நிலையத்துக்கு உள்ளேயே 30 நிமிட இலவச ஆலோசனை கிடைக்கும், அதற்குப் பெயர் கொடுத்துப் பதிய வேண்டும்.

இதையெல்லாம் சொல்லித் தந்துவிட்டு, இதில் எதையும் ஆலோசனையாகச் சொல்லக் கூடாது என்றார்கள். தகுதி பெற்றுப் பதியாத ஒருவர் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அவருக்கு வழக்கறிஞர் இருக்கிறாரா, இலவச ஆலோசனைக்குப் பெயர் கொடுத்தாரா என்று கேட்கலாம், எங்கே கேட்பது என்று காட்டலாம். “இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே” என்று வாயே திறக்கக் கூடாது. இந்தப் பகுதியை நம் சனம் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். கோயில் அன்னதானத்தில், கலியாண மண்டபத்தில், கடையில் எத்தனை பேர் கேஸ் பற்றி வழி சொல்கிறார்கள்! நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். யாரோ சொன்னதை நம்பி நேர்காணலில் ஒரு வசனத்தை மாற்றிச் சொன்னதால், உண்மையைச் சொன்ன மற்ற இடங்களும் பொய்யென்று தள்ளப்பட்ட ஆட்களை எனக்குத் தெரியும்.

இந்தப் பயிற்சியில் உண்மையாகவே மதிப்புள்ள பகுதி அடுத்தது. எதைக் கேட்கக் கூடாது என்பது.

இரண்டு இரண்டு பேராக இருத்தி, ஒருவர் பார்வையாளர், மற்றவர் உள்ளே இருப்பவர் என்று நடிக்க வைத்தார்கள். முதல் ஐந்து நிமிடம் என்ன கதைப்பது என்பதுதான் பயிற்சி. ஏன் உங்களைப் பிடித்தார்கள், எப்படி வந்தீர்கள், ஊரில் என்ன நடந்தது, இந்த மூன்றையும் கேட்க வேண்டாம் என்றார்கள். அவர் தானாகச் சொன்னால் கேளுங்கள், இல்லாவிட்டால் தோண்டாதீர்கள். ஹோம் ஒபிஸ் நேர்காணலில் மணிக்கணக்காக அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன் வேறு யாரும், வேறு விதத்தில், ஒரு அறைக்குள் வைத்துக் கேட்டிருக்கலாம். எதிரே மேசையில் இன்னொரு முன்பின் தெரியாத ஆள் இருந்து அதையே தொடங்கினால் அவருடைய உடம்பு இறுகிவிடும்.

இதில் எங்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, அது அவர்களின் கையேட்டில் இல்லை. யாழ்ப்பாணத்து ஆட்கள் இருவர் முதன்முதலில் சந்தித்தால் என்ன கேட்போம்? “எந்த ஊர்? எவடம்? யாற்றை மகன்?” எங்களுக்கு இது அன்பின் தொடக்கம். ஆனால் உள்ளே இருக்கும் ஒருவருக்கு ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் கேட்கிற தமிழ்க் குரல் வேறு எதையும் ஞாபகப்படுத்தலாம். ஊரில் இருக்கும் குடும்பத்துக்குப் பிரச்சினை வருமோ, இவர் யாருக்குச் சொல்வாரோ என்ற பயம் நியாயமானது. ஊரைக் கேட்பதில் சாதியை அறிகிற நோக்கமும் ஒளிந்திருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நான் எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி நான் சொல்வேன், பெயரும் என்ன வேலை செய்கிறேன் என்பதும். அவரிடம் ஊர் கேட்க மாட்டேன். இதைப் பயிற்சியில் சொன்னபோது ஒருங்கிணைப்பாளருக்கு அது புதிய விஷயமாக இருந்தது. இப்போது மற்ற மொழி பேசும் தொண்டர்களிடமும், உங்கள் ஆட்கள் வழமையாக என்ன கேட்பார்கள், அதில் எது பயப்படுத்தும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்.

அப்படியென்றால் எதைத்தான் கதைப்பது? சாப்பாட்டைக் கதைக்கலாம். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் போதும், அதில் இருந்து அரை மணித்தியாலம் ஓடிவிடும். சோறு எப்படி வேகவைக்கிறார்கள், மிளகாய்த்தூள் இல்லாத கறி, அம்மா வைக்கும் மீன்குழம்பு. கிரிக்கெட் கதைக்கலாம். நித்திரை வருகிறதா, அறையில் கூட இருப்பவர் எப்படி, ஜிம்முக்குப் போகிறீர்களா. உள்ளே வேலை செய்கிறாரா என்றும் கேட்கலாம். சுத்தம் செய்வது, சமையலறையில் நிற்பது போன்றவற்றுக்கு மணிக்கு 1 பவுண் கொடுக்கிறார்கள். அந்தத் தொகையைக் கேட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். அந்தக் காசில்தான் அவர் போனுக்குக் காசு போட்டு வீட்டோடு கதைக்கிறார்.

வாக்குக் கொடுக்காதீர்கள் என்பதை அழுத்திச் சொன்னார்கள். “கெதியா வெளியே வந்துவிடுவீங்கள்”, “எல்லாம் சரிவரும்” என்பதெல்லாம் எங்களுக்கு வாயில் தானாக வரும். அதைக் கேட்டு ஒருவர் நாட்களை எண்ணத் தொடங்குவார். அடுத்த கிழமை வருகிறேன் என்று சொன்னால் அடுத்த கிழமை போய் நிற்க வேண்டும். சொல்லக் கூடிய ஒரே வாக்கு அதுதான் என்றார்கள். அழுதால் அழவிடுங்கள். பேசாமல் இருந்தால் நீங்களும் பேசாமல் இருங்கள். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. அமைதியைச் சொற்களால் நிரப்புகிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

சித்திரவதை பற்றி அவரே சொல்லத் தொடங்கினால்? இதற்குத் தெளிவான பதில் வைத்திருந்தார்கள், அதற்காக அந்தக் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். தடுப்பு நிலைய விதிகள் 2001இல் வந்தவை. அதில் 34ஆம் விதிப்படி உள்ளே வந்த 24 மணித்தியாலத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். 35ஆம் விதிப்படி, ஒருவர் சித்திரவதைக்கு உள்ளானவராக இருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் அதை எழுதி அனுப்ப வேண்டும், அதைப் பார்த்து அவரைத் தொடர்ந்து வைத்திருப்பதா என்று ஹோம் ஒபிஸ் திரும்ப யோசிக்க வேண்டும். எங்கள் பெடியன்கள் பலருக்கு முதுகிலும் தொடையிலும் தழும்பு இருக்கும், ஆனால் வெட்கத்தில் மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். பார்வையாளர் செய்ய வேண்டியது, விவரம் கேட்காமல், “இதை உள்ளே டொக்டரிடம் சொன்னீங்களா? சொலிசிட்டருக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்பது. அப்புறம் அவருடைய அனுமதியோடு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்வது. மருந்துக் கடையில் ஆட்கள் எதைச் சொல்வார்கள், எதை மறைப்பார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்த எனக்கு, இந்த இரண்டு கேள்விகளின் அருமை உடனே விளங்கியது.

இனி நடைமுறை. குழு கொடுத்த தாள் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு இடத்தில் எங்கள் ஆட்களுக்குப் போதாது: பெயர். சந்திப்பைப் பதிவு செய்ய அவருடைய முழுப் பெயர், பிறந்த திகதி, ஹோம் ஒபிஸ் அவருக்குக் கொடுத்த இலக்கம் வேண்டும். எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். ஹோம் ஒபிஸ் பதிவில் எது முதல், எது கடைசி என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயர் இன்னொன்று. ஆங்கில எழுத்தில் எச் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று பதில் வரும், வீட்டில் ஆட்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். ஹோம் ஒபிஸ் கடிதம் ஏதாவது இருந்தால் அதில் உள்ள எழுத்தை அப்படியே வாசியுங்கள், இலக்கத்தையும் சொல்லுங்கள். அவர் போன் எடுத்தால் முதல் கேள்வியாக அந்த இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கமராவும் இணையமும் உள்ள போனை உள்ளே வாங்கி வைத்துவிட்டுச் சாதாரண போன் கொடுப்பார்கள். பழைய போன் இலக்கம் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஒரு நாளாவது முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் லைசென்ஸ் கட்டாயம் கொண்டுபோங்கள். படமுள்ள அடையாளம் இல்லாவிட்டால் வேறு இரண்டு பத்திரங்கள் கேட்பார்கள், எவை என்று பதியும்போதே கேட்டுவிடுங்கள். கைப்பை, போன், சாவி எல்லாம் லொக்கருக்குள் போகும், அதற்கு 1 பவுண் குற்றி வேண்டும். உள்ளே இருக்கும் இயந்திரத்தில் தேத்தண்ணீரும் சொக்லேட்டும் வாங்கச் சில்லறை வைத்திருங்கள். ஹீத்ரோ நிலையங்களுக்கு என்றால் ஹவுன்ஸ்லோவில் இருந்து ஸ்லோ போகும் 81ஆம் இலக்க பஸ் அந்த வழியால் போகும்.

சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோகாதீர்கள். இதை எழுதவே மனம் வலிக்கிறது. எங்கள் தாய்மார் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு இரண்டு ரயில் மாறிப் போய், வாசலில் அதைத் திருப்பிக் கொடுக்க, பார்சலை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். உடுப்பு, புத்தகம் போன்றவற்றை வரவேற்பில் கொடுக்கலாம், சோதித்துவிட்டுப் பிறகு அவரிடம் சேர்ப்பார்கள். மேசையில் கையில் கொடுக்க முடியாது. எது ஏற்பார்கள் என்று முதல் நாளே போனில் கேளுங்கள், நிலையத்துக்கு நிலையம் மாறும். தமிழ்ப் புத்தகமோ பழைய வார இதழோ கொடுத்தால் அதன் பெறுமதி சொல்லி முடியாது. உள்ளே வாசிக்கத் தமிழில் எதுவும் கிடைப்பது அரிது.

வாசலில் படம் எடுத்து விரல் அடையாளம் பதிந்தார்கள். இதைக் குழு முன்பே சொல்லியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் நான் பயந்திருப்பேன். அகதியாக வந்திறங்கிய நாளில் விரல் வைத்த ஞாபகம் இந்த வயதிலும் போகவில்லை. உடம்பைத் தட்டிச் சோதித்தார்கள், ஒவ்வொரு கதவாகப் பூட்டித் திறந்தார்கள். முதல் நாள் வரவேற்பில் என்னை வெகுநேரம் காக்க வைத்தார்கள், சந்திப்பு நேரத்தில் ஒரு பெரிய பகுதி அங்கேயே போய்விட்டது. கேட்டதற்குக் காரணமும் சொல்லவில்லை. நான் பார்க்கப் போனவர் உள்ளே மேசையில் தனியே இருந்து, நான் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். இதை நான் எழுதிக் கொடுக்க, குழு அதை நிலைய நிர்வாகத்துக்கு முறைப்பாடாக அனுப்பியது. பதில் வரும்வரை விடவும் இல்லை. தனியாகப் போகும் ஒரு குடும்பத்தால் இதைச் செய்ய முடியாது. வாசலில் சண்டை பிடித்தால் அடுத்த தடவை விடமாட்டார்களோ என்ற பயத்திலேயே வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். குழுவின் பெறுமதி எனக்கு அங்கேதான் முழுதாகத் தெரிந்தது.

உள்ளே நடந்த கதையை எழுத மாட்டேன். பயிற்சியில் நடித்துப் பார்த்த முதல் ஐந்து நிமிடம் அப்படியே உதவியது என்று மட்டும் சொல்கிறேன். அன்று இரவு ஒருங்கிணைப்பாளர் போன் எடுத்தார். எப்படி இருந்தது என்று கேட்டுவிட்டு, எனக்கு நித்திரை வருமா என்றும் கேட்டார். ஒவ்வொரு புதிய பார்வையாளருக்கும் முதல் சந்திப்பன்று இப்படி எடுக்கிறார்கள். இது ஒரு சின்ன விஷயம் இல்லை. எங்களில் பலர் சொந்த அனுபவத்தை மூடி வைத்துவிட்டு வாழ்கிறோம், அந்த மேசையில் அது திறந்துகொள்ளும். மாதத்துக்கு ஒரு முறை பார்வையாளர்கள் எல்லாரும் கூடிக் கதைக்கிற ஏற்பாடும் இருக்கிறது. தவறாமல் போகிறேன்.

குறைகளுக்கு வருகிறேன். எல்லாத் தாள்களும் ஆங்கிலத்தில் மட்டும். குடும்பங்களுக்குக் கொடுக்கும் தாளாவது தமிழ், அல்பேனிய மொழி, வியட்நாமிய மொழி போன்றவற்றில் இருக்க வேண்டும், ஏனென்றால் உள்ளே இருப்பவர்களின் தாய்மாரும் மனைவிமாரும்தான் அதை வாசிக்க வேண்டியவர்கள். பயிற்சி முடித்து ஒருவரோடு இணைப்பதற்கு அதிக காலம் எடுத்தார்கள். தமிழ் பேசுகிறவர் தேவை என்று உள்ளே ஒருவர் கேட்டிருந்த நேரத்தில் நான் வீட்டில் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று பிறகு தெரிய வந்தபோது கவலையாக இருந்தது. பயணச் செலவைத் திருப்பித் தருகிறார்கள், ஆனால் சுணங்குகிறது. மாணவர்களுக்கும் வேலை இல்லாதவர்களுக்கும் அது பாரம்.

இன்னொன்று, ஒருவரை இரவோடு இரவாக வேறு நிலையத்துக்கு மாற்றிவிட்டால் தொடர்பு அறுந்துவிடுகிறது. புதிய இடத்தின் குழுவுக்குச் சொல்கிறார்கள், ஆனால் அங்கே தமிழ் தெரிந்தவர் இருக்க வேண்டுமே. லண்டனுக்கு வெளியே அது மிகக் கஷ்டம். போனில் தொடர்ந்து கதைக்க எங்களை அனுமதிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கொள்கையளவில் சரி என்றார்கள், எழுத்தில் இன்னும் வரவில்லை.

உங்கள் சொந்த உறவு உள்ளே இருந்தால் இந்தப் பயிற்சிக்காகக் காத்திருக்காதீர்கள், நேரே நிலையத்தில் பதிந்துவிட்டுப் போங்கள். ஆனால் போகுமுன் அந்த நிலையத்துக்குப் போகும் குழுவுக்கு ஒரு போன் எடுங்கள். வாசலில் என்ன நடக்கும், எதை ஏற்பார்கள் என்று பொறுமையாகச் சொல்வார்கள், காசு கேட்க மாட்டார்கள். உங்களுக்கே இன்னும் விசா சரியாக இல்லாவிட்டால் வாசலில் அடையாளம் காட்ட முன் ஒரு சொலிசிட்டரிடம் கேளுங்கள். இதை எங்கள் குழுவும் கட்டாயமாகச் சொல்லும். உங்களுக்குப் பதிலாக ஒரு தொண்டர் போய்ப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம், பிறப்புப் பத்திரத்தை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளையும் சோதிப்பார்கள், அதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

தொண்டராகச் சேர நினைப்பவர்களுக்கு: ஆங்கிலம் சரளமாக வரவேண்டும் என்றில்லை, பயிற்சியை விளங்கிக்கொள்ளும் அளவு போதும். கிழமைக்கு ஒரு பின்னேரத்தை விடாமல் கொடுக்க முடியுமா என்று மட்டும் வீட்டில் இருந்து யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். முதலில் ஒரு பழைய பார்வையாளரோடு சேர்த்து அனுப்பும்படி நீங்களே கேளுங்கள், கேட்டால் அனுப்புகிறார்கள், கேட்காவிட்டால் சில நேரம் மறந்துவிடுகிறார்கள். பெயர், இலக்கம், சாப்பாட்டுப் பார்சல் பற்றி நான் மேலே எழுதியவற்றைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக எழுதிக் குழுவிடம் கொடுத்திருக்கிறேன். சட்டம் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகு அச்சடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோயில்களிலும் தமிழ்க் கடைகளிலும் வைப்பதற்குப் படிகள் வேண்டுமென்றால், அது வந்தவுடன் உங்கள் பகுதிக் குழுவின் வழியாகக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.